குமிழின்னு வச்சுக்கோ

தங்கை: இல்லக்கா, மறுபடியும் சொல்லு. அப்பாவுக்குப் பல்லு அளவு எடுத்தப்போ, களிம்பு பிதுக்கற கன்ல எந்த டிப்பைச் சொருகின?

அக்கா: மஞ்சள்.

தங்கை: இந்த சிலிக்கான் களிம்புக்கு ரோஸ் டிப்தானே?

அக்கா: தீந்துபோச்சு. கைக்குக் கிடைச்சதைப் போட்டேன்.

தங்கை: நீயா? நர்ஸ் டிப்பை மாத்திப் போட்டுட்டான்னு உன் கிளினிக்கையே ரெண்டாக்கினவளாச்சே நீ!

அக்கா: அது வர்றவங்களுக்குடி. இது நம்ம அப்பாதானேன்னு...

தங்கை: அப்பான்னா எப்படி வேணா எடுக்கலாமா? நல்லாயிருக்கு உன் நியாயம்.

அக்கா: மெதுவாப் பேசு. வெளியில உக்காந்திருக்காரு.

தங்கை: பேப்பரைப் பிடிச்சபடியே தூங்கியிருப்பாரு. இங்க வா, விளக்கடியில இந்தப் பிளாஸ்டர் மாடலைப் பாரு. மேல் அண்ணத்துல, இடது பக்கம் ஒரு மொட்டு.

அக்கா: பார்த்தேன். காத்துக் குமிழி.

தங்கை: அவ்வளவு உறுதியா?

அக்கா: டிப்புக்குள்ள இருக்கற திருகுலதான் ரெண்டு களிம்பும் ஒண்ணாக் கலக்கணும். தப்பான டிப்புன்னா கலக்காது, காத்து மாட்டிக்கும், அச்சுல குழி விழும். நீ பிளாஸ்டர் ஊத்தினா அந்தக் குழி மொட்டா நிக்கும். இதெல்லாம் லேப் நடத்தற உனக்கு நான் சொல்லணுமா?

தங்கை: வேணாம். மொட்டு சீவறதுதான் என் பிழைப்பே.

அக்கா: அப்போ இதையும் சீவிட்டுப் பல்லு கட்டற பிளேட்டைச் செய்.

தங்கை: சீவிட்டு, அது நிஜமாவே அண்ணத்துல இருந்துச்சுன்னா? பிளேட் அது மேலயே அழுத்தும்.

அக்கா: இல்லைன்னு சொல்றேன்ல.

தங்கை: 'இருக்கற பல்லு போதும்'னு வருஷக்கணக்கா சொன்ன மனுஷன்க்கா. திடீர்னு பல்லு கட்டு, பல்லு கட்டுன்னு உன்னைப் பிடுங்கியெடுத்தாரு. யாருக்கு அழகு காட்டப் போறீங்கன்னு நாமகூட கிண்டல் பண்ணினோம்... அவரை ஏமாத்தக் கூடாது.

அக்கா: யாருடி ஏமாத்தறா?

தங்கை: நீதான். இந்த அச்சைப் பாரு. சரியாக் கலக்கலைன்னா ரெண்டு நிறமும் கோடு கோடாத் தெரியும். அங்கங்க இறுகாம பிசுபிசுன்னு இருக்கும். இது முழுக்க ஒரே நிறம். கல்லு மாதிரி நிக்குது.

அக்கா: அச்சைக் கீழ வைடி.

தங்கை: ரோஸ் டிப்தான் போட்டிருக்க. மஞ்சள்னு ஏன் பொய் சொன்ன?

அக்கா: குமிழின்னு வச்சுக்கோயேன்டி. இன்னிக்கு ஒரு நாள்...

தங்கை: அக்கா...

அக்கா: வாய்க்குள்ள அந்தக் கட்டியைப் பார்த்தேன். கண்ணால பார்த்ததை நம்ப மனசு வரல. அச்சாவது இல்லைன்னு சொல்லாதான்னு எடுத்தேன். அப்புறம் இன்னொண்ணும் எடுத்தேன். புது டிப்பு, முதல்ல வர்ற களிம்பைப் பிதுக்கி எறிஞ்சுட்டு...

தங்கை: அது எங்க?

அக்கா: பையில இருக்கு.

தங்கை: அதுலயும்...?

அக்கா: அதே இடம். அதே அளவு.

தங்கை: சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமே. அப்பாகிட்ட சொன்னியா?

அக்கா: எத்தனையோ பேருக்குச் சொன்ன நாக்கு, அவர் முன்னாடி ஒட்டிக்கிச்சு. 'பல்லு சீக்கிரம் வந்துடும்ப்பா'ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

தங்கை: நீ இரு. நான் சொல்றேன்.

அக்கா: என்னன்னு சொல்லுவ?

தங்கை: ...தெரியலக்கா.

அப்பா: பாவம், அந்த டிப்புக் குழாய் மேல பழியைப் போடாதீங்க.

அக்கா: அப்பா! எப்போ எழுந்தீங்க? கதவுகிட்ட ஏன் நிக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க.

அப்பா: நான் எங்க தூங்கினேன் பெரியவளே.

தங்கை: ஒண்ணுமில்லப்பா... வெறும் குமிழி. சீவிட்டா போயிடும்...

அப்பா: அழாதே சின்னவளே. நாக்குக்குத் தெரியாதா? நாள் முழுக்க அதைத்தான் தடவிட்டுக் கிடக்கு.

அக்கா: அப்போ எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லல?

அப்பா: உங்கம்மா நோயில கிடந்தப்ப நீங்க ரெண்டு பேரும் பட்டதைப் பார்த்தவன்மா நான். சொல்ல வாய் வரல. அதான் பல்லு கட்டணும்னு அடம்பிடிச்சு, உன் முன்னாடி வாயைத் திறந்து காட்டினேன்.