பேர் இல்லாதவர்கள் பட்டியல்

"நீங்க நிறையச் சொல்லிட்டீங்கக்கா, அதான் ஒண்ணுமே வரல."

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தவர் சொன்னார். பக்கத்திலிருந்த அம்மாவின் கணவர் ஷிப்டுக்குப் போனவர், இருபது நாளாக வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வார்டுகளிலும் பிணவறைகளிலும் அடையாளம் தெரியாமல் இருப்பவர்களின் பட்டியல்களில் தேடுவதற்காக, பக்கத்து வீட்டுக்காரரான இவர் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்.

"இதென்ன கூத்து தம்பி? நிறையச் சொன்னாதானே ஆளைக் கண்டுபிடிக்க முடியும்?"

"சொன்ன வார்த்தை அத்தனையும் ஒரே பதிவுல இருந்தாதான் காட்டும். அப்படி எழுதி வச்சது என் தப்புதான். ஒவ்வொரு வார்த்தையா எடுத்துட்டுப் பாக்கலாம்."

ஊரை எடுத்தார்கள். சட்டை நிறத்தை எடுத்தார்கள். எதுவும் வரவில்லை.

"பேரை எடுக்கணும்க்கா."

"பேரே இல்லாம அவரை எப்படித் தேடுவ?"

"இது பேர் தெரியாதவங்க பட்டியல்க்கா. இதுல பேர் எப்படி இருக்கும்?"

குருபரப்பள்ளி தாண்டும் வரை அந்த அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, எடு" என்றார்.

கணவர் முன்பு பிரஸ் மெஷினில் இழந்த இடது கை விரல்கள் என்ற அடையாளம் மட்டும் தேடலில் மிச்சம் இருந்தது.

"ஒண்ணு வந்திருக்குக்கா."

"எந்த வார்டு?"

"வார்டு இல்லக்கா."

அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை.

"பேரைத் திரும்பப் போட்டுடு தம்பி. ஒண்ணும் வராமலே இருக்கட்டும்."