காற்றில்லாத ஆட்டம்

"ஏலே, அங்கன காத்தே இல்ல. அதான் தோத்துட்டோம்."

இராமேஸ்வரம் போகும் பேருந்தில் முன்சீட்டுப் பேச்சு காதில் விழுந்தது. சொன்னவன் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பனியன் போட்ட நெட்டைப் பையன். பக்கத்தில் அவன் கூட்டாளி.

"இந்த சீசன்ல நம்ம கிரவுண்டுல ஒரு மேட்ச்சு கூட தோக்கலையேடா?"

"நம்ம கிரவுண்டு கடற்கரையில கெடக்கு. கூடைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டா, காத்து உள்ள கொண்டு சேத்துரும். மூணு வருசமா அதே பழக்கம். மதுரையில நாலு பக்கமும் செவரு, மேல கூரை. போட்ட பந்து பூராம் ஒரு முழம் தள்ளியே போகுது."

"நேராப் போட வேண்டியதுதான?"

"கோச்சும் அதத்தான் கத்துனாரு. கை கேட்டாத்தான?"

பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அறைந்தது.

"அப்ப செமி பைனல் போச்சா?"

"இன்னும் ஒரு மேட்ச்சு இருக்கு. ஜெயிச்சா உள்ள போயிரலாம். அதே மதுரை டீமுதான், அடுத்த வாரம் இங்கன வாரானுக."

கூட்டாளி திரும்பி அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வந்தா நல்லாக் கவனிச்சுக்க. டீ வாங்கிக் குடு, கோயிலக் காட்டு. காத்தப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராத."