காற்று பார்த்து வாங்கிய வீடு

வீடு வாங்குகிறவர்கள் தண்ணீர் பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். நான் காற்று பார்த்து வாங்கினேன். அப்போது ஆடி மாதம். மேற்கேயிருந்து வருகிற காற்று கொடியில் காய்கிற துணியைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே ஓடிய நாட்கள் அவை. தரகர் என்னை மாடிக்கு அழைத்துப்போய், இந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம், அந்தப் பக்கம் டென்னிஸ் கோர்ட் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். நான் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வாசமும் இல்லை. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு இது புரியும் இன்ஸ்பெக்டர் சார். உங்கள் மாமனார் மோகனூர்ப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர். கோழிப்பண்ணைக்காரனுக்குக் காற்றுதான் முதல் கணக்கு. என்னுடைய பண்ணை அந்தக் கோல்ஃப் கிளப்புக்குக் கிழக்கே, ஏரிக்கரையைத் தாண்டினால் வந்துவிடும். சங்ககிரி ரோட்டிலிருந்து மைதானத்துக்கு ஒரு வழி, திருச்செங்கோடு ரோட்டிலிருந்து பண்ணைக்கு ஒரு வழி. இங்கே போகிறவன் அங்கே போவான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பண்ணையும் என் மைத்துனர் அப்புசாமி பெயரில்தான் இருக்கிறது. அதை வருமான வரிக்காகச் செய்தேன். வெட்கப்பட்டுச் செய்யவில்லை. என் தொழிலை நினைத்து நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மைதானத்துப் புல்லை நான் பல வருடம் கோழி ஷெட்டிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும். சோளத்தட்டுகூட இருக்காது. அங்கே மட்டும் பச்சை. வெள்ளைச் சட்டை போட்டவர்கள் அதன் மேல் மெதுவாக நடப்பார்கள். அவர்களுக்கு அவசரமே கிடையாது. எச்சத்தை மிதித்துக்கொண்டு நான் இங்கே நிற்பேன். ஒருநாளாவது அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மஞ்சுளாவுக்காகத்தான் வாங்கினேன். என் வீட்டுக்காரி. அவள் கேட்கவில்லை. கேட்காமல் வாங்கிக்கொடுப்பதுதானே பெரிது.

"இங்க யாருகிட்டங்க பேசறது? ஊட்ட விட்டு வெளிய வந்தா புல்லுதானுங்க இருக்குது" என்றாள் முதல் நாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

அங்கே வீடு வாங்கினால் கிளப்பில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு கமிட்டி கூடி, இவர் நிரந்தர உறுப்பினரா இல்லையா என்று முடிவு செய்யும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். பணம் இருக்கிறவன் எவனும் வீடு வாங்கிவிடலாம். கமிட்டி கை தூக்கினால்தான் அவன் அந்த இடத்து ஆள். என்ன தொழில் என்று கேட்டார்கள். ஏற்றுமதி என்றேன். பொய் இல்லையே. நாமக்கல் முட்டை கப்பல் ஏறிப் போகிறதா இல்லையா?

பக்கத்து வீடு சேவியர்ராஜ். சேலத்துக்காரர். மில் மெஷின்களுக்கு உதிரி பாகம் விற்று, ஓய்வு பெற்று வந்திருந்தார். கிளப்புக்கு அவர்தான் செயலாளர். நல்ல மனிதர். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தினமும் விடிகாலையில் தனியாக விளையாடப் போவார். நான் வந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, "இவ்வளவு இறுக்காதீங்க அருணகிரி. கைல ஒரு பறவை இருக்குன்னு நினைச்சுக்கங்க. அது பறந்துடவும் கூடாது, செத்துடவும் கூடாது" என்பார். அவர் மனைவி ஜோஸ்லின் மஞ்சுளாவுக்குக் கேக் செய்யக் கற்றுக்கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசியில் காற்று திரும்பியது. திரும்பும் என்று எனக்குத் தெரியாதா என்ன. அதற்குள் கமிட்டி கூடிவிடும் என்று நினைத்திருந்தேன். தலைவர் வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் கூட்டம் தள்ளிப்போனது. மழை பிடித்துக்கொண்டது. கூண்டுக்குக் கீழே எச்சம் ஈரமானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளப் வராந்தாவில் டீக் கோப்பை வைத்தால் கோப்பை தெரியாது, ஈதான் தெரியும். நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்தேன். தோல் எரிகிற அளவுக்குத் தேய்த்தேன். "நாத்தமே இல்லீங்க, சும்மா இருங்க" என்பாள் மஞ்சுளா. அவளுக்கு அந்த வாசம் பழகிப்போய்விட்டது. அவள் பேச்சை எப்படி நம்புவது?

ஒரு சாயங்காலம் வராந்தாவில் ஒருவர், அந்தப் பண்ணையை இழுத்துப் பூட்ட வைக்க வேண்டும், கலெக்டரிடம் போவோம் என்றார். உடனே பக்கத்திலிருந்தவர் அவர் தொடையைத் தட்டினார். பிறகு எல்லோரும் கிரிக்கெட் பேசினார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் சேவியர்ராஜ் பண்ணைக்கே வந்துவிட்டார். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செத்த கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறேன். இரண்டு கையிலும் கொத்தாகத் தொங்குகின்றன. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையில் அவர் நிற்கிறார்.

அவர் ஆச்சரியப்படவில்லை. அது அவருடைய பண்பு என்று நினைத்தேன். "மழை நிக்கற வரைக்கும் கொஞ்சம் மருந்து அதிகமா அடிங்க அருணகிரி. கமிட்டிய நான் பாத்துக்கறேன். இதெல்லாம் ஒரு விஷயமா? நான் ஏன் யார்கிட்டயும் சொல்லப்போறேன்" என்று என் தோளில் கையை வைத்தார். கோழி தொங்குகிற கையை வைத்துக்கொண்டு நான் கும்பிடப் பார்த்தேன். கும்பிட முடியவில்லை.

நன்றியாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் நன்றியாகத்தான் இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். என் கோப்பை விளிம்பில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. சேவியர்ராஜ் எதிரிலிருந்து கைக்குட்டையை நீட்டி அதை விரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். கெட்ட சிரிப்பு இல்லை. இனி நான் சாகும்வரை, ஈ உட்கார்கிற ஒவ்வொரு தடவையும், இவர் என்னைப் பார்த்து இப்படித்தான் சிரிப்பார் என்று எனக்குப் பட்டது.

பண்ணையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கூண்டில் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். அதைக் கழித்துவிடுவோம். கழுத்தில் இரண்டு விரலை வைத்து இழுத்து ஒரு திருப்பு. பக்கத்துக் கோழிக்குக்கூடத் தெரியாது, தீனி தின்றுகொண்டே இருக்கும். அந்தக் கோழி மேல் நமக்குக் கோபமா என்ன? மற்றதெல்லாம் நன்றாக இருக்க வேண்டுமே. நானும் கோபத்தில் எதையும் செய்யவில்லை. யோசித்துத்தான் செய்தேன்.

மைதானத்தில் குளத்தை ஒட்டி, பந்து விழுகிற குழிக்குப் பக்கத்தில் பாறைகள் இருக்கின்றன. மழைக்குப் பாசி பிடித்து வழுக்கும். வயதானவர், காலை இருட்டு, கால் வழுக்கியது, பின்மண்டை பாறையில் பட்டது. யார் கேட்டாலும் நம்புவார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். மழை விட்ட ஒரு காலையில் அவரோடு போனேன். உண்மையைச் சொன்னால், அந்த இடத்துக்கு வந்ததும் வேண்டாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நான் மட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பறவை கணக்கெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. உங்களுக்குத் தெரியாததா." பிரியமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் பந்தைச் சரியாக வைப்பதற்காகக் குனிந்தார்.

இறுக்காமல்தான் பிடித்தேன். அவர் சொல்லிக்கொடுத்தபடி தோளைத் திருப்பி, இடுப்பைத் திருப்பி, முழுசாக வீசினேன். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் சரியாக வந்தது. காதுக்குப் பின்னால் பட்டது. தேங்காய் உடைக்கிற சத்தம். அவர் முழங்காலில் உட்கார்ந்து தலையைத் தொட்டுப் பார்த்தார். கையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "பந்து பட்டுருச்சு போல" என்றார். நான்தான் அடித்தேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. பல் என் ஷூ மேல் வந்து விழுந்தது. மூன்றாவதில் முகம் முகமாக இல்லை. அப்புறமும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. முழங்காலை அவர் முதுகில் ஊன்றி, தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். மனிதனுக்குக் கோழியைவிட அதிக பலம் வேண்டியிருக்கிறது. முறிகிற சத்தம் மட்டும் ஒன்றுதான்.

பாறைமேல் சாய்த்து, தலையைக் கல்லில் பொருத்தி வைத்தேன். மட்டையைக் குளத்தில் கழுவினேன். எல்லாம் திட்டப்படிதான். அதற்குப் பிறகு என் கை செய்ததுதான் எனக்கே தெரியாது. என் மட்டைப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும், சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்தது. மைதானத்திலிருந்து நேராகப் பண்ணைக்குப் போவேன் இல்லையா, கோழிக்கு நோய் ஒட்டாமல் செருப்புக்குப் போட. அதை எடுத்து இரத்தம் விழுந்த இடத்தைச் சுற்றி முதலில் ஒரு வட்டம், பிறகு நடுவில் ஒரு கை என்று தூவியிருக்கிறேன். கோழி செத்த இடத்தில் தூவாமல் வந்து எனக்குப் பழக்கமே இல்லை. கால் வழுக்கி விழுந்தவனைச் சுற்றி யார் சுண்ணாம்பு தூவுவார்கள்? தூவியதே எனக்கு நினைவில்லை. மத்தியானம் எல்லோரும் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது.

சுண்ணாம்பு என்றதும் உங்கள் ஆட்கள் நேராகத் தீர்த்தகிரியைப் பிடித்தார்கள். டென்னிஸ் கோர்ட்டுக்குக் கோடு போடுகிறவன். முந்தின வாரம் கோடு கோணலாக இருக்கிறது என்று சேவியர்ராஜ் அவனைத் திட்டியிருந்தார். அதுவும் சேர்ந்துகொண்டது. கோடு போடுகிற கையை ஸ்டேஷனில் முறித்துவிட்டார்கள் என்று அவன் மனைவி கந்தம்மாள் கிளப் கேட்டில் உட்கார்ந்து அழுதாள். "எங்கூட்டுக்காரரு ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாருங்க சாமி" என்று போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் பிடித்தாள். என் காலையும் பிடித்தாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். ஜோஸ்லின் மஞ்சுளாவின் தோளில் சாய்ந்து அழுதார். அதே கூட்டத்தின் முடிவில், சேவியர்ராஜ் ஏற்கெனவே என் பெயரை முன்மொழிந்திருந்தார், அவருடைய கடைசி விருப்பமாக நினைத்து ஏற்போம் என்று, ஊர் திரும்பியிருந்த தலைவர் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். அந்தச் சுண்ணாம்பைக் குனிந்து மோந்து பார்த்தீர்களாம், அப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நம் பக்கத்தில் கல்யாண வீட்டில் பார்த்தால் கேட்பது போலக் கேட்டீர்கள்.

"ஏனுங்க, எத்தன கோழிங்க?"

"முட்டக்கோழி மட்டுங்களா, குஞ்சோட சேத்துங்களா?" என்றேன் நான். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் யாருமே அப்படிக் கேட்டதில்லை சார். கேட்டதும் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தீர்த்தகிரியை விட்டுவிடுங்கள். நான்தான் அடித்தேன், நான்தான் கழுத்தைத் திருப்பினேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

காலையில் மஞ்சுளா வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அப்புறம் சொன்னாள்: "அவிங்களுக்கெல்லாம் மொதல்லயே தெரியுமுங்க. குடி வந்த வாரமே ஜோஸ்லின் அக்காவுக்கு ஒரு அட்ட முட்ட குடுத்தேன். நம்ம பண்ண முட்டைன்னு சொல்லித்தானுங்க குடுத்தேன். அதுக்கப்பறம் கிளப்புல அத்தன ஊட்டுக்கும் நாந்தேன் குடுத்துட்டு இருந்தேன். தெரிஞ்சா உங்களுக்குச் சங்கட்டமா இருக்கும்னு ஒருத்தரும் காட்டிக்கல. அந்த மனுசன எதுக்குங்க கொன்னீங்க?"

நான் அவளைத் திட்டவில்லை. பாவம், அதிர்ச்சியில் ஏதேதோ சொல்கிறாள். நீங்களே யோசித்துப் பாருங்கள் சார். தெரிந்திருந்தால் என்னைச் சேர்த்திருப்பார்களா? அத்தனை பேரும் கை தூக்கினார்கள், ஒரு கைகூடக் கீழே இல்லை. தெரியாததால்தான் தூக்கினார்கள். இதை நாளை பேப்பரில் அவர்களும் படிப்பார்கள். அதனால் ஒரே ஓர் உதவி. இந்த வாக்குமூலத்துக்கு மேலே, தொழில் என்ற இடத்தில் கோழிப்பண்ணை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு ஏற்றுமதி என்று போட்டுவிடுங்கள்.