பதுங்குகுழியில் எட்டுப் பேர்

டொப்.

எறிகணை எழும்பிவிட்டது. எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று.

"படுங்கோ! படுங்கோ!"

நான்கு. ஐந்து. முகம் மண்ணில். ஆறு. விசில் சத்தம் வருகிறது. விசில் நீளமாகப் போனால் தலைக்கு மேலால் போகிறது, பயமில்லை. நடுவில் நின்றால்தான் பயம். ஏழு. நிற்கிறது.

வியாழக்கிழமை. காலை ஒன்பது பத்து. தென்னந்தோப்பு. கையில் மணிக்கூடு இருந்தது. பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

இது வன்னியில் நடந்தது. போரின் கடைசி மாதங்கள். இதை ஒவ்வொரு வருடமும் மலேசியாவில், ஈப்போவில் சொல்லிவந்தேன். குனோங் ராபாட்டில், டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை இருக்கிறது. ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கு மின்விசிறிகள், அதில் ஒன்று கிறீச்சிடும். வருடக் கடைசியில் நன்றி ஆராதனை. அன்றைக்குச் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை ஆட்கள் எழுந்து நின்று சொல்வார்கள். வேலை கிடைத்தது. கட்டி கரைந்தது. மகள் பரீட்சையில் தேறினாள். கடைசியாக பாஸ்டர் என்னிடம் மைக்கைத் தருவார். என்னுடையதுதான் பெரிய சாட்சி.

நான் சொல்லிவந்தது இதுதான். பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்க வெளியே போனேன். ஜெபித்துக்கொண்டே போனேன். எறிகணை விழுந்தது. குடும்பம் போய்விட்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஐந்து நிமிடம். குடும்பம் போனதற்கு ஒரு வரி. அந்த வரியில் எல்லோரும் தலையைக் குனிவார்கள். அடுத்த வரியில் கை தட்டுவார்கள். பிறகு கீழே போய் மீஹூன் சாப்பிடுவோம்.

பொய் சொல்ல வேண்டும் என்று தொடங்கவில்லை. அகதி அட்டையோடு இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு யாரும் இல்லை. இந்தச் சபைதான் அரிசி தந்தது. படுக்க ஓர் அறை தந்தது. ஜெலாப்பாங்கில் லோரிக்குப் பெட்டி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சொல்லிவிட்டது. முதல் வருடமே பாஸ்டர் கூப்பிட்டார். "அண்ணே, ஆண்டவர் ஒங்களக் காப்பாத்துனத ரெண்டு வார்த்த சொல்லுங்கண்ணே." சோறு போட்டவர் கேட்கிறார். எழுந்தேன்.

நான் வெளியே போனது தண்ணீருக்கு அல்ல. பீடிக்கு. ஆனால் இது பீடி வாடை அடித்தாலே பின்வரிசையில் உட்காரவைக்கும் சபை. மைக்கைப் பிடித்ததும் பீடி தண்ணீராகிவிட்டது. அடுத்த வருடம் தண்ணீர் பிள்ளைக்கு என்றானது. மூன்றாம் வருடம் பாஸ்டர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "ஜெபம் பண்ணிக்கிட்டே போனவரு" என்றார். நான் திருத்தவில்லை. நான்காம் வருடம் நானே அதைச் சொன்னேன்.

ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் குறைந்தவர். இங்கே எல்லோரும் அக்காதான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தாய் பால் மரம் வெட்டியவர். தோட்டம் இப்போது இல்லை, மரமும் இல்லை. கணவர் இறந்து பல வருடம். குனோங் ராபாட்டில் வரிசை வீடு. ஒரே மகன், ஜோயல். இருபத்திரண்டு வயது. ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. மோட்டார்சைக்கிளில் போவான்.

தினமும் காலை ஆறே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் ஒன்று நடக்கும். பையன் ஹெல்மெட்டை மாட்டி, எஞ்சினைப் போட்டுவிட்டு, தலையைக் குனிவான். அக்கா ஹெல்மெட்டின் மேல் கை வைத்து ஜெபிப்பார். ஒரு நிமிடம். எதிர்வீட்டுச் சீனத்தியும் கேட்டைத் திறக்காமல் காத்திருப்பாள். பிறகு ஆமென். பிறகு போவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நடக்கவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான் என்று சண்டை. அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம் வாசலில் நின்றதாம். பிறகு போய்விட்டதாம். ஆறு ஐம்பத்திரண்டு. ஜெலாப்பாங் சாலை. லோரி.

சபை செய்ய வேண்டியதைச் செய்தது. ஒருவர் பாரத்தை இன்னொருவர் சுமக்க வேண்டும் என்ற வேதப் பகுதியை எடுத்து பாஸ்டர் நான்கு ஞாயிறு பேசினார். பட்டியல் போட்டார்கள். திங்கள் ஒரு வீட்டுச் சோறு. செவ்வாய் இன்னொரு வீடு. எனக்குச் சனிக்கிழமை. எனக்குச் சமைக்கத் தெரியாது. ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் கறி ஒரு பொட்டலம். பாரம் சுமப்பது என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

ஹெல்மெட் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். இடது பக்கம் வெடிப்பு. குளிர்பெட்டிக்கு மேல் அக்காவின் சீனி நோய் மாத்திரை அட்டை இருக்கும். பத்து மாத்திரை. நான் எண்ணுகிற ஆள். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவேன். அது போரில் ஒட்டிக்கொண்டது.

அந்த வருட நன்றி ஆராதனையிலும் சாட்சி சொன்னேன். அக்கா முதல் வரிசையில் இருந்தார். கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரை. ரொட்டியை மேசையில் வைக்கிறேன். மலைப்பக்கம் சைரன். சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடம். சைரன் ஊதி, கொஞ்ச நேரம் விட்டு வெடி வைப்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன. தரையில் படுத்துவிட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. தும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹெல்மெட் ஒருமுறை ஆடி நின்றது.

அக்கா அசையவில்லை. நான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அவர் பேசினார்.

"நீங்க பிரேயர் பண்ணிக்கிட்டே போனீங்கண்ணே. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவல. நான் அன்னிக்கு கை வைக்கல லா. ஒரு நிமிஷம். அவன் வாசல்ல எஞ்சின போட்டுட்டு நின்னான். நான் போவல. ஆண்டவரு தப்பு பண்ண மாட்டாருல்ல? அப்போ நான்தானே அவனக் கொன்னது."

அழவில்லை. ஒப்பிப்பதைப்போல் சொன்னார். நான் குளிர்பெட்டியைப் பார்த்தேன். மாத்திரை அட்டை. பத்து. போன சனிக்கிழமையும் பத்து. அதற்கு முந்திய சனிக்கிழமையும் பத்து.

"மருந்து போடேல்லையா அக்கா?"

"எதுக்குண்ணே?"

வந்துவிட்டேன். பட்டறை மூடியிருந்தது. வாசலில் உட்கார்ந்தேன். பொய்ச் சாட்சி கூடாதென்று கட்டளை இருக்கிறது. சிறுவயதில் மனப்பாடம் செய்தது. அது நீதிமன்றத்துக்கு என்று நினைத்திருந்தேன். என் பொய் யாருக்கும் கெடுதல் செய்யாத பொய் என்று நினைத்திருந்தேன். ஒரு பீடியை மறைத்தேன். அது இந்த மனுஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது.

புதன்கிழமை பாஸ்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பழச எதுக்குண்ணே கிளறணும்? ஒங்க சாட்சியக் கேட்டு எத்தன பேரு பெலப்பட்டிருக்காங்க."

"ஸ்டெல்லா அக்கா மருந்து போடுறேல்லை, பாஸ்டர்."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த ஜெபம்... அது நான் சேத்ததுல்ல?"

"ஓம். நான் விட்டிட்டன்."

"ஞாயித்துக்கிழம சொல்லுங்க. நேரம் பாக்க மாட்டேன்."

ஞாயிறு. பத்து நாற்பது. மைக் கையில். கிறீச்சிடும் மின்விசிறி. ஸ்டெல்லா அக்கா இரண்டாம் வரிசை, ஓரம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பதுங்குகுழிக்கு மூன்று பக்கமும் மண்மூட்டை. சாக்கு கிடைக்கவில்லை. என் மனைவியின் கூறைச் சேலையை வெட்டித் தைத்த மூட்டை. உள்ளே நாங்கள் ஒன்பது பேர். ஒன்பது மணிக்கு அம்மா ஜெபம் வைப்பார். போரிலும் தவறவில்லை. ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துக்கொண்டு வருவார். பிள்ளைகள் முதலில். பிறகு பெரியவர்கள். நான் கடைசி ஆள். முந்திய நாள் பக்கத்துக் குழியில் ஒரு குடும்பம் முழுதும் போயிருந்தது. அவர்களும் ஜெபித்தவர்கள். எனக்கு ஆத்திரம். அம்மா என்னிடம் வருகிறார். கையைத் தூக்குகிறார். நான் தலையை இழுத்துக்கொள்கிறேன்.

"கேக்கிறதுக்கு அங்கை ஒருத்தரும் இல்லை அம்மா" என்றேன். என் தாயிடம் நான் கடைசியாகச் சொன்னது அது.

வெளியே வந்தேன். சட்டைப் பையில் பாதிப் பீடி. தென்னைமரத்தடிக்கு நாற்பது அடி. நெருப்புக்குச்சி இரண்டு தரம் பற்றவில்லை. மூன்றாவது பற்றியது.

டொப்.

"அப்பா! உள்ளுக்கை வாங்கோ!"

என் மகள். ஒன்று. இரண்டு. ஓடினால் போயிருக்கலாம். மூன்று. நான் ஓடவில்லை. நான்கு. படுங்கோ என்று தோப்புக்குள் யாரோ கத்துகிறார்கள். படுத்தேன். ஏழு.

குழிக்குள்தான் விழுந்தது. நேராக.

உள்ளே எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபிக்காதவன் நான் ஒருவன். ஜெபிக்காதவன்தான் இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆயிரம் பேர் பக்கத்தில் விழுந்தாலும் உன்னை ஒன்றும் அணுகாது என்ற பகுதியை எனக்கு முன்னால் வாசிப்பீர்கள். அந்த ஆயிரம் பேரில் எட்டுப் பேரின் பெயர் எனக்குத் தெரியும். அவர்கள் விசுவாசம் குறைந்து போகவில்லை. அம்மா கை வைக்க மறக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாக இத்தனை வருடம் நடித்தேன். மன்னியுங்கள்.

யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் பழக்கத்தில் ஸ்தோத்... என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாஸ்டர் தரையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு காலமாக வரவில்லை. உடம்பு மரத்துப்போனது மரத்ததுதான்.

ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்தார். எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

"அந்தச் சின்னப் பொண்ணு. ஒங்கள உள்ள கூப்புட்டுச்சே. பேரு என்னண்ணே?"

"அபிஷா."

"அபிஷா" என்றார். "அடுத்தது?"

ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவரும் திருப்பிச் சொன்னார். எட்டுப் பெயரும். எட்டும் முடிந்தது.

"என் மவனையும் சேத்துக்கிறீங்களாண்ணே?" என்றார்.

தலையாட்டினேன். அப்போதுதான் அவர் அழுதார். சத்தமாக. பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். யாரும் வசனம் சொல்லவில்லை. அன்றைக்கு மீஹூன் ஆறிப்போனது.

அடுத்த சனிக்கிழமை ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நான்கு. நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார். இன்னும் சபைக்குப் போகிறேன். ஜெபிக்கவும் செய்கிறேன். சாட்சி நேரத்தில் பாஸ்டர் என்னைக் கூப்பிடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கீழே உள்ளதை மட்டும் வாசிக்கிறேன். பாதியை நான் வாசிக்கிறேன், பாதியை அக்கா.

போனவை. தையல் மெஷின் ஒன்று. சைக்கிள் ஒன்று. கூறைச் சேலை ஒன்று. அம்மாவின் வேதப்புத்தகம், அதில் தோல் அட்டை மட்டும் கிடைத்தது.

போனவர்கள். என் தாய் மரியம்மா, அறுபத்து மூன்று. என் மனைவி ஜெயந்தி, முப்பத்தொன்று. மகள் அபிஷா, ஒன்பது. மகன் டேவிட், நான்கு. என் தமக்கை புஷ்பம், நாற்பது. அவர் கணவர் அருளப்பு, நாற்பத்து நான்கு. அவர்கள் பிள்ளைகள் நிரோஷா, பதினாறு, டிலானி, பதின்மூன்று. வியாழக்கிழமை காலை ஒன்பது பத்து.

ஜோயல், இருபத்திரண்டு. செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பத்திரண்டு. அன்று அவன் தலையில் யாரும் கை வைக்கவில்லை.

மற்றவர்கள் தலையில் அம்மா கை வைத்திருந்தார்.

மொத்தம் ஒன்பது பேர்.