தொண்ணூறாவது கோடு

ஈரச் சிமெண்டில் சாக்பீஸ் பிடிக்காது, ஐயா. துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கோடு போடவேண்டும். பொன்னேரிக்குப் பக்கத்தில், ஆரணியாற்றுப் பாலத்துக்கு நான் ஓவர்சியர். ஆற்றுக்குள் சிமெண்டுக் கிணறு கட்டி, ஆட்கள் உள்ளே இறங்கி மணலைத் தோண்டத் தோண்ட, கிணறு கீழே இறங்கும். சாயங்காலம் எவ்வளவு இறங்கியதென்று அதன் சுவரில் கோடு போடுவது என் வேலை. பொய்க்கோடு ஒருநாளும் போட்டதில்லை. பெருமாள் கைங்கர்யம் செய்த குடும்பம், அந்தப் புத்தி வராது.

பணம் வெளிநாட்டுக் கடன். அறுபத்தேழில் ஆட்சி மாறியதும், பழைய மந்திரிகள் போட்ட ஒப்பந்தம் வேண்டாமென்று புது ஆட்சி முறுக்கிக்கொண்டது. கடன் கொடுத்தவர்களும் விடவில்லை. இழுபறிக்குப் பிறகு ஒரு கெடு வைத்தார்கள். தொண்ணூறு நாள் வேலை நிற்காமல் நடந்தால் பாலம் உண்டு. ஒரு நாள் நின்றாலும், வெள்ளத்தால் நின்றாலும், ரத்து. இரண்டு தரப்புக்கும் அத்தாட்சி என் கோடுதான்.

தொண்ணூறாவது நாள் காலை, ஆற்றுக்கு மேல்பக்கம் இருக்கும் ஊத்துக்கோட்டையிலிருந்து போன். ஆற்றில் வெள்ளம் வருகிறது, யாரையும் இறக்காதீர்கள் என்றார்கள். சரியென்று வைத்துவிட்டேன்.

கிணற்றடியில் மேஸ்திரி ஜோசப் நின்றிருந்தான்.

“இன்னா சாமி, தண்ணி கலங்கிக்கினு வர்து? எறங்கலாமா?”

“மேல எங்கயோ மழை. எறங்கு, இன்னிக்கு ஒரு நாள்தானே.”

என் பேச்சை அவன் தட்டியதில்லை. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினான்.

ஆபத்தென்றால் அடிக்க ஒரு மணி உண்டு. கயிறு என் கையில் இருந்தது. ஆனால் மணியடித்தால் வேலை நின்றதாகக் கணக்கு, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. பாலம் வந்தால் மழைக்காலத்தில் பிரசவ வலியெடுத்த பெண்கள் அக்கரையில் கிடந்து சாகமாட்டார்கள். அதற்கு எதிரே ஐந்து பேரை வைத்துப் பார்த்தேன். வெள்ளம் கிணற்றின் விளிம்பைத் தாண்டியபோதும் கயிற்றை இழுக்கவில்லை.

ஜோசப்பின் மனைவி கிரேஸ் மூன்றாம் நாள் வந்தாள். “மணி அடிச்சிருந்தா ஏறியிருப்பாரா சாமி?”

“முடிஞ்சிருக்காதும்மா” என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

பாலம் நிற்கிறது. நீங்களே அதன்மேல்தான் வந்திருப்பீர்கள்.

அன்று கிணறு எவ்வளவு இறங்கியதென்று சொல்ல ஆளில்லை. தண்ணீர் வடிந்ததும் சுவரைத் துடைத்து, உத்தேசமாக அரை அடி இறங்கியதாக ஒரு கோடு போட்டேன். என் ஆயுசில் அது ஒன்றுதான் பொய்க்கோடு. கடன் கொடுத்தவர்கள் சார்பில் சனிக்கிழமை பார்வையிட வந்த துரை அதை அளந்துகூடப் பார்க்கவில்லை.