முப்பது நாள் ஷரத்து

எங்கள் சூ ஃபால்ஸ் பக்கம் இரண்டு பயிர்கள் நன்றாக விளையும். ஒன்று சோளம், இன்னொன்று டிரஸ்ட். சோளத்துக்கு மழை வேண்டும். டிரஸ்டுக்கு, செத்த பிறகும் தன் சொத்து தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு பணக்காரர் போதும். நாடு முழுவதிலிருந்தும் அப்படிப்பட்டவர்கள் தெற்கு டகோட்டாவுக்குப் பத்திரங்களை அனுப்புகிறார்கள். அவர்கள் வருவதில்லை. இங்கே குளிர் அதிகம். அந்தப் பத்திரங்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில்தான் நான் வேலை பார்த்தேன்.

என் மாமனார் லேலண்ட் ட்வைட்டுக்கு ஏழு தானியக் கிடங்குகள். எல்லாவற்றையும் டிரஸ்டில் போட்டு, அதற்கான வரியை உயிரோடு இருக்கும்போதே கட்டித் தீர்த்தார். அவருக்குப் பிறகு பாதி மகள் மாரெனுக்கு, அதாவது என் மனைவிக்கு; பாதி மகன் கார்வினுக்கு. ஒரே நிபந்தனை: அப்பா இறந்து குறிப்பிட்ட நாட்களாவது மாரென் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் பங்கு கார்வினின் இரண்டு பெண்களுக்குப் போகும்.

மாநிலச் சட்டத்தில் ஐந்து நாள்தான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

"அஞ்சு நாளா? குழாயைச் சொருகி அஞ்சு நாள் எந்தப் பயலும் இழுத்துப் பிடிச்சிருவான் மாப்பிளே. முப்பது போடு."

"முப்பது நாளும் ஒருத்தன் இழுத்துப் பிடிச்சா?"

"அந்த அளவுக்கு மனசு கெட்டவன் எங்க வீட்டுல எவன் இருக்கான்?" என்று சிரித்தார். மாரெனும் சிரித்தாள். நான் முப்பது என்று தட்டச்சு செய்தேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி அப்பாவும் மகளும் தேவாலய விருந்திலிருந்து திரும்பும்போது, பனியில் கார் சறுக்கிப் பாலத்தில் மோதியது. மாமனார் அங்கேயே போய்விட்டார். மாலை நான்கு பத்து என்று சான்றிதழில் இருக்கிறது. மாரெனுக்குக் கழுத்து எலும்பு முறிந்திருந்தது. மூச்சை மெஷின் விட்டது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

இப்போது வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை யாரும் வரியைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லோரும் அன்பைப் பற்றியே கேட்கிறார்கள். மாரென் முப்பது நாளுக்குள் போனால் அவள் பங்கு பேத்திகளுக்குப் போகும். சொத்து ஒரு தலைமுறையைத் தாண்டினால் அரசாங்கம் அதற்கென்று தனி வரியாக நாற்பது சதவீதம் எடுத்துக்கொள்ளும். அதற்கான விலக்கையெல்லாம் மாமனார் வேறு இடத்தில் பயன்படுத்தி முடித்திருந்தார். முப்பது நாள் தாண்டிவிட்டால் சொத்து மாரெனுடையது. மனைவியிடமிருந்து கணவனுக்கு வரும் சொத்துக்கு வரி கிடையாது. வாழ்நாள் முழுக்க வரியை வெறுத்த மனிதரின் சொத்தை நான் காப்பாற்றினேன். அந்தக் கணவன் நானாக இருந்தது தற்செயல்.

மெஷினில் வைக்கக் கூடாது என்று மாரென் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தாள். கார்வினுக்கு அது தெரியும். மூன்றாம் நாள் மருத்துவமனை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அந்தப் பேப்பரைத் தேடினியா?"

"தேடிட்டேதான் இருக்கேன்."

"ஊர்ல இருக்கிறவன் பத்திரத்தையெல்லாம் நம்பர் போட்டு அடுக்கி வெப்ப. பொண்டாட்டியோட ஒரு பேப்பர் மட்டும் கிடைக்கலையா?"

"துக்கத்துல எதுவும் ஓட மாட்டேங்குது" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நல்ல பையன். அவன் பெண்களுக்குப் போக வேண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் நர்ஸ் பெர்னிடா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவங்க கண்ணால பேசுறாங்க சார். ஒரு தடவை சிமிட்டுனா ஆமா, ரெண்டு தடவைன்னா வேண்டாம். குழாய் இருக்கட்டுமான்னு கேட்டேன். ரெண்டு தடவை சிமிட்டுனாங்க."

"கண்ணு உலர்ந்திருக்கும்."

"நாலு வாட்டி கேட்டேன் சார். நாலு வாட்டியும் ரெண்டுதான்."

டாக்டரைக் கேட்டேன். சிமிட்டலை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, கணவன் சொன்னால் தொடரலாம் என்றார். தொடரச் சொன்னேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதித் தரச் சொன்னேன். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இருபதாம் நாளுக்கு மேல் முதுகில் புண் வந்தது. காய்ச்சல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மிக நல்ல மருந்தைக் கேட்டு வாங்கினேன்; செலவைப் பார்க்கவில்லை. தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் சிமிட்ட ஆரம்பிப்பாள், இரண்டிரண்டாக. நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். தேவாலயத்துப் பெண்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்து, இப்படி ஒரு கணவனைப் பார்த்ததில்லை என்றார்கள்.

மார்ச் பதினான்காம் தேதி காலை காகிதம் கிடைத்துவிட்டதாகச் சொல்லி டாக்டரிடம் நீட்டினேன். அன்று முப்பத்தொன்றாம் நாள். மெஷினை எடுத்தார்கள். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. புதிதாகக் கிடைத்த காகிதம் எப்படி மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருக்கிறது என்று பெர்னிடாதான் கார்வினிடம் கேட்டிருக்கிறாள். அதனால்தான் நீங்கள் என்னை விசாரிக்க வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆமாம். காகிதம் முதல் நாளிலிருந்தே என் கோட்டுப் பையில் இருந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்பதும் எனக்குப் புரிந்தது. பெர்னிடா சொல்வதற்கு முன்பே புரிந்தது. இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: தவணை முடிந்த பிறகு, தேவையில்லாமல் ஒரு நாள்கூட அவளைக் கஷ்டப்பட நான் விடவில்லை.