சத்தம் வராமல் செதுக்க வேண்டுமாம்

திருவிடந்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் உளியும் சுத்தியலும் துருத்திக்கொண்டிருந்த சாக்குப்பை.

"சத்தம் வராம கல்லு செதுக்கணுமாம்டி" என்றாள் அவள்.

எனக்குப் படிப்புதான் கம்மி. காது நன்றாகக் கேட்கும்.

"எவன் சொன்னது?" என்றாள் மற்றவள்.

"ரிசார்ட்டு மேனேஜருதான். 'வாசல்ல உக்காந்து செதுக்கு, செஞ்சத அங்கியே வித்துக்கோ'ன்னு அவந்தானே கூப்டான்? அத நம்பித்தானே செஞ்சிகினு இருந்த பட்டறை வேலைய வுட்டேன்? இன்னிக்கி போனா, 'கெஸ்ட்டு தூங்குறாங்க, சத்தம் கூடாது, தூசி கூடாது'ன்றான்."

"அப்புறம் எப்டிடி செதுக்குறது?"

"செதுக்கவே வாணாமாம். ஒரு ஃபைபர் யானைய முன்னால வெச்சான். உளிய புடிச்சிகினு சிரிக்கணுமாம், வர்றவங்க போட்டோ எடுத்துப்பாங்களாம். நாலு வருசம் காலேஜில சிற்பம் படிச்சது இதுக்கா?"

"நீ இன்னா பண்ண? சிரிச்சியா?"

"உளிய வெச்சி ஒரே அடி. கருங்கல்லுக்குப் போடுற அடி. யானை வயித்துல ஓட்டை."

"ஐயையோ! அப்போ அந்த எடம் போச்சா?"

"போவட்டும். நாளைலேர்ந்து எங்க வூட்டு வாசல்ல என் சொந்தப் பட்டறை. தெருவுக்கே கேக்கட்டும்."

"மேனேஜரு சும்மாவா வுட்டான்?"

"கன்னாபின்னான்னு கத்துனான். 'மெதுவா சார், கெஸ்ட்டு தூங்குறாங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."